கடனில் தடுமாறும் சிறுதொழில்: முதல் 90 நாளில் செய்யக் கூடாதவை

ஆர்டர் கொடுத்த கம்பெனி பணம் தராமல் இழுக்கிறது. வங்கித் தவணை தேதி தாண்டிவிட்டது. மேசையில் போன் அடிக்கிறது, வங்கி நம்பர். பட்டறைக்காரர்கள் பலர் அதைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான்.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக் கடன். அதற்கு முன்பே 30 நாள், 60 நாள் தாமதம் என்று வங்கி குறித்துக்கொண்டு வரும். ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் கொண்டுவந்த மறுவாழ்வு நடைமுறை இந்த நாட்களுக்கானதுதான். 25 கோடி ரூபாய் வரையிலான கடனுக்குப் பொருந்தும். கடனைத் திருத்தி அமைக்கலாம், தேவைப்பட்டால் கூடுதல் கடனும் கேட்கலாம். 10 லட்சத்துக்குள் என்றால் கிளை மேலாளரே பரிசீலிப்பார், அதற்கு மேல் வங்கி இதற்கென அமைத்த குழுவுக்குப் போகும். கட்ட முடியாமல் போகும் என்று தெரிந்தாலே நீங்களாக விண்ணப்பிக்கலாம்.

மேனேஜரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். அவர் மாற்றலாகிப் போனால் சொன்னதும் போச்சு. உத்யம் சான்றிதழ் (சிறுதொழில் என்று அரசிடம் பதிந்ததற்கான சான்று), வரவேண்டிய பில்களின் பட்டியல், கையிலுள்ள ஆர்டர்கள், ஜிஎஸ்டி விவரம் எல்லாம் இணைத்துக் கடிதம் கொடுங்கள். நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இந்த நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, தான் சிறுதொழில் என்பதை உரிய நேரத்தில் ஆவணத்தோடு காட்டுவது கடன் வாங்கியவர் பொறுப்பு என்றும் சொன்னது.

அப்புறம், தவணை கட்ட மீட்டர் வட்டிக்கு வாங்குவது. தயவுசெய்து வேண்டாம். கணக்கு சுத்தமாகத் தெரியும், உங்கள் கஷ்டம் வங்கியின் கண்ணில் படாமலே போகும்.

சரி, வரவேண்டிய பணம்? குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகித'த்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் புகார் செய்யலாம். சரக்கு அனுப்பிய பிறகு உத்யம் பதிவு செய்தால் சிக்கல், முன்பே செய்துவிடுங்கள். பதிவு இலவசம், காசு கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.

சொத்துப் பிணை இல்லாமல், அரசு உத்தரவாதத்தில் வாங்கிய கடன்தானே என்று இருந்துவிடவும் வேண்டாம். அந்த உத்தரவாதம் வங்கிக்கு. பாக்கி உங்கள் பெயரில்தான் நிற்கும்.