நல்லிணக்கக் கூட்டம் போடும் பெங்களூரு இளைஞர்கள் சறுக்கும் இடங்கள்

மேடையில் ஒரு பூசாரி, ஒரு மௌலவி, ஒரு பாதிரியார். ஆளுக்கொரு சால்வை, ஐந்து நிமிடப் பேச்சு, கடைசியில் எல்லோரும் சேர்ந்து போட்டோ. சிவாஜிநகரிலோ அல்சூரிலோ நம் பிள்ளைகள் நடத்தும் சமய நல்லிணக்கக் கூட்டங்கள் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகின்றன. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெங்களூரு கரகத் திருவிழா ஊர்வலத்தைப் பாருங்கள். திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் அது, காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்வருவது பழைய வழக்கம். தர்காவுக்குப் போகக் கூடாது என்று 2022இல் சிலர் கிளம்பினார்கள். தர்காவைச் சேர்ந்த மௌலவிகள் கோயிலுக்கே நேரில் போய் அழைத்தார்கள். கோயில் தரப்பும் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இரு தரப்புக்கும் ஏற்கெனவே பழக்கம் இருந்ததால்தான் அவர்களால் அந்த நேரத்தில் கோயில் படியேற முடிந்தது. பதற்றம் வந்த பிறகு ஆள் தேடினால் யார் கிடைப்பார்கள்?

அடுத்தது போன். 2020 ஆகஸ்ட் 11 இரவு டி.ஜே.ஹள்ளி, கே.ஜி.ஹள்ளிப் பக்கம் நடந்த கலவரத்துக்குத் தொடக்கம் ஒரு முகநூல் பதிவு. வண்டிகள் எரிந்தன, காவல் நிலையம் தாக்கப்பட்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதே இரவில் முஸ்லிம் இளைஞர்கள் அங்கிருந்த அனுமன் கோயிலைச் சுற்றிக் கைகோத்து நின்றதும் நடந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் நல்ல பிள்ளைகளே செய்யும் தவறு ஒன்று உண்டு: “இது உண்மையா?” என்று கேட்டு அந்த வீடியோவையே குழுவில் போடுவது. கேள்வி உதிர்ந்துவிடும், வீடியோ மட்டும் ஊர் சுற்றும். அந்தத் தெருவில் இருக்கும் ஒருவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நிலைமை மோசமென்றால் அவசர உதவி எண் 112.

எங்கோ எவனோ செய்ததற்கு, உடன் வேலை பார்ப்பவரிடம் “உங்க ஆளுங்க ஏன் இப்படி?” என்று விளக்கம் கேட்பதும் வேண்டாம். அவரென்ன அந்த மதத்தின் செய்தித் தொடர்பாளரா?

“எல்லா மதமும் ஒண்ணுதான்” என்று அவசரமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அப்புறம் நண்பர் பிரசாதம் வேண்டாம் என்றதும் முகம் சுருங்குகிறது. விரதத்தையும் நோன்பையும் கறாராகக் கடைப்பிடிப்பவர் அடுத்தவரிடம் மிகப் பதமாக நடந்துகொள்வதை நிறையப் பார்க்கலாம். பக்தி கூடியவரையெல்லாம் தீவிரவாதி என்று ஒதுக்கினால், ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

சண்டை மதங்களுக்கு நடுவில் மட்டும் என்று நினைப்பதும் சரியில்லை. இந்த ஊர்க் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே பூசை கன்னடத்திலா தமிழிலா என்று பல காலம் மனக்கசப்பு இருந்திருக்கிறது.

இன்னொன்று, நேரமும் சாப்பாடும். வெள்ளி மதியம் தொழுகை, ஞாயிறு காலை பூசை, ரமலான் மாலை நோன்பு திறப்பு. ஜைனர் உருளைக்கிழங்கு தொட மாட்டார், முஸ்லிம் நண்பர் ஹலாலா என்று பார்ப்பார். இதையெல்லாம் முன்கூட்டிக் கேட்காமல் வெள்ளி ஒரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, “கூப்பிட்டோம், அவங்கதான் வரலை” என்று அலுத்துக்கொள்ளும் குழுக்களும் இருக்கின்றன.