கராஜை அறையாக்க, முதலில் தரை

வீட்டை ஒட்டிய கராஜை அறையாக மாற்றுவதில் சுவரும் பெயின்டும் சுலபம். தரைதான் வேலை வாங்கும். தண்ணீர் வெளியே வடிய, தரையை வாசல் பக்கம் வாட்டம் விட்டே போட்டிருப்பார்கள். மீட்டருக்கு 1 செ.மீ. என்றாலும் 6 மீட்டர் நீளத்தில் 6 செ.மீ. இறக்கம்.

முதலில் ஓதம் பார்த்தேன். 45 செ.மீ. சதுரப் பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டதில், அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது; காங்கிரீட்டும் கறுத்திருந்தது. இதன்மேல் நேரே பலகை ஒட்டினால் ஓரம் உப்பும், பசை விட்டுவிடும்.

அதனால் 0.15 மி.மீ. பாலித்தீன் விரிப்பு, இணைப்புகளில் ஒன்றன்மேல் ஒன்று 15 செ.மீ. ஏற்றி டேப். அதன்மேல் மருந்தேற்றிய மரச்சட்டங்கள், 40 செ.மீ. இடைவெளியில். சட்டத்தின் அடியை வாட்டத்துக்கு ஏற்பச் சாய்வாக அறுப்பதே நல்லது. அங்கங்கே ஆப்பு மட்டும் வைத்தால் நடுவில் தொய்ந்து கிறீச்சிடும். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, 18 மி.மீ. பிளைவுட்டைத் திருகினேன். பலகைகளுக்கு இடையே 3 மி.மீ., சுவரோரம் 10 மி.மீ. இடம் விடுங்கள், மரம் விரிய இடம் வேண்டும்.

ஷட்டர் இருந்த வாசலில் மரச்சட்டத்தை நேரே தரையில் நிறுத்தவே கூடாது. வெளித்தரையைவிட 15 செ.மீ. உயர்வாகக் கட்டைச்சுவர் கட்டி, மேலே தார்த்தாள் வைத்த பிறகே சட்டம். கேஸ் ஹீட்டர் அங்கேயே இருந்தால், அறையை அடைக்கும் முன் அதற்கான காற்றுவழியை முடிவு செய்யுங்கள்.