இண்டக்‌ஷன் அடுப்பு: வாங்கும் முன் ஒரு காந்தம் எடுங்கள்

சிலிண்டர் தீர்ந்த நாளில் உதவட்டும் என்று இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று வாங்கினோம். வந்த அன்றே அம்மா அலுமினியச் சட்டியில் பாலை ஊற்றி வைத்தார். அடுப்பு பீப் பீப் என்று கத்தியது, திரையில் ‘ஈ0’ என்று காட்டியது, அணைந்துவிட்டது. “காசைக் கரியாக்கிட்டீங்க” என்றார் அப்பா. அடுப்பில் ஒரு குறையும் இல்லை. சட்டிதான் அதற்கு ஆகாதது. புதிதாக வாங்குபவர்கள் இந்த வரிசையில் போனால் அந்தத் திட்டு மிச்சம்.

1. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பாருங்கள். இறுக்கமாக ஒட்டினால் ஆகும். அலுமினியம், செம்பு, பித்தளை, மண்சட்டி எதுவும் ஆகாது. எவர்சில்வரிலும் பலது ஒட்டாது. காரணம், இதில் தீயே கிடையாது. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது; அதில் பாத்திரத்தின் அடியே சூடாகிறது. அடி தட்டையாகவும் இருக்க வேண்டும், குழிவான வாணலி வேண்டாம். எங்கள் வீட்டில் 14 பாத்திரங்களில் 5 தான் தேறின.

2. பிளக். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் சின்ன சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தாங்காது. 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். நாங்கள் வயர் கருகிய வாசனை வந்த பிறகுதான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம்.

3. முதல் நாள் சமைக்க வேண்டாம். அரை லிட்டர் தண்ணீரை வைத்து, வாட்டைக் கூட்டிக் குறைத்துப் பழகுங்கள். குறைந்த வாட்டில் பல அடுப்புகள் சில நொடி ஓடும், சில நொடி நிற்கும். கொதி அடங்கி அடங்கி எழும். அது கோளாறு இல்லை. (அம்மா இதைப் பார்த்துவிட்டு அடுப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.) ‘தோசை’, ‘குழம்பு’ என்று எழுதிய பட்டன்களை நான் தொடுவதே இல்லை. அவரவர் அளவு அந்தப் பட்டனுக்குத் தெரியாது.

4. தாளிக்கும்போது கவனம். காஸில் எண்ணெய் காய்வதற்குள் கறிவேப்பிலை உருவிவிடலாம், இதில் அதற்கு நேரமில்லை. எல்லாவற்றையும் கையருகே வைத்துக்கொண்டு, 800 வாட்டுக்கு மேல் போகாமல் ஆரம்பியுங்கள்.

5. இரும்பு தோசைக்கல் காந்தத்தில் ஒட்டும், சரி. ஆனால் சுருள் சின்னது. நடுப்பகுதி காய்ந்து, ஓரம் பச்சையாகவே நிற்கும். குறைந்த வாட்டில் பத்து நிமிடம் பொறுமையாகக் காயவிட்டு, சின்ன தோசையாக ஊற்றுங்கள். கல்லைக் கண்ணாடிமேல் இழுக்காதீர்கள், கீறல் விழும். தூக்கித்தான் வைக்க வேண்டும்.

6. சமைத்து முடித்ததும் சுவர் சுவிட்சை உடனே அணைக்காதீர்கள். உள்ளே இருக்கும் மின்விசிறி அடங்கட்டும்.

கரண்ட் கணக்கு கேட்டால்: 2000 வாட்டில் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அப்பாவுக்கு இதைச் சொன்ன பிறகுதான் முணுமுணுப்பு கொஞ்சம் குறைந்தது.

அப்பளம் சுடவும் கத்தரிக்காய் சுட்டுத் துவையல் அரைக்கவும் இதில் வழியில்லை. அந்த இரண்டுக்கும் எங்கள் வீட்டில் இன்னும் காஸ்தான்.