டி.பி. பதிவேட்டில் 'குணமடைந்தார்' என்று எழுத வைப்பது எப்படி

என் தம்பி காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். போன வருஷம் ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. அதே வாரம் அவனுக்கு நுரையீரல் டி.பி. என்று தெரிந்தது. ஆறு மாதமும் கூடவே இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

மாத்திரை முடிந்ததும் பதிவேட்டில் ஒரு முடிவு எழுதுவார்கள். ஆரம்பத்தில் சளியில் கிருமி இருந்து, கடைசி மாதச் சளியில் இல்லை என்று வந்தால்தான் 'குணமடைந்தார்'. கடைசியில் சளி கொடுக்காமல் விட்டால் வெறும் 'சிகிச்சை முடித்தார்'தான். ஒரு மாதம் தொடர்ந்து மாத்திரையை விட்டால் 'இடையில் நின்றவர்'. நிறைய பேர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவிட்டு அந்தக் கடைசிச் சளியைக் கொடுக்காமல் விடுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

முதல் நாளே கவனியுங்கள். கால் வீக்கம், மூச்சு வாங்குதல், பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாத நிலை இருந்தால் வீட்டுக்கு அழைத்து வராதீர்கள், படுக்கை கேளுங்கள். 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதற்காகத்தான். நம் பக்கத்தில் ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது, ஸ்டான்லி இருக்கிறது.

எடையைப் பொறுத்துத்தான் மாத்திரை. 46 கிலோ இருந்தவனுக்கு தினம் மூன்று. 52 ஆனதும் நான்கு. அதனால் மாதாமாதம் எடை பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் ரத்தம் என்று பயந்துவிட்டான். அது மாத்திரையின் நிறம்தான். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஓடுங்கள். குடி வேண்டவே வேண்டாம், ஈரல் தாங்காது.

இரண்டாம் மாத முடிவில்தான் சோதனை. ஜூன் 15, படகுகள் கிளம்புகிற நாள். "இருமலே இல்லக்கா, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்றான். சளி ரிசல்ட் வரும்வரை அனுப்பவில்லை. கிருமி இல்லை என்று வந்த பிறகு, பத்து நாள் கடலுக்குப் பன்னிரண்டு நாள் மாத்திரையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதிக் கொடுத்தேன். படகு டிரைவரிடமும் சொல்லி வைத்தேன். தீர்ந்த அட்டைகளைத் தூக்கிப் போடாமல் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். கரைக்கு வந்ததும் எண்ணிப் பார்ப்பேன்.

சளி எடுப்பதில்தான் தப்பு நடக்கும். எச்சில் உதவாது. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, மொட்டை மாடி மாதிரி காற்றோட்டமான இடத்தில் நின்று, மூன்று தடவை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி டப்பாவில் துப்ப வேண்டும். கடைசி மாதம் சளியே வரவில்லை என்பார்கள். விடாதீர்கள், மறுநாள் காலையிலும் முயலுங்கள். தம்பிக்கு மூன்றாம் நாள்தான் வந்தது.

சத்துணவுக்கு மாதத்துக்கு 1000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் தவணையாக வரும், கேட்டு வாங்குங்கள். வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

முடிந்த பிறகும் இரண்டு வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். எங்களுக்கு அடுத்தது ஏப்ரல். படகு கரையில் கட்டியிருக்கும், சாக்கு சொல்ல முடியாது.