ஹூக்கா இழுத்து மயங்கிய இரவு

நுவரெலியாவில் நண்பன் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு. ஜனவரிக் குளிர். ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டு ஐந்து பேர் ஒரு ஹூக்காவைச் சுற்றி உட்கார்ந்தோம். மேலே கரித்தணல், அதற்குக் கீழே புகையிலை, புகையைத் தண்ணீர் வழியாக இழுக்க வேண்டும். ஆப்பிள் வாசனை. தண்ணீர் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்று நம்பியிருந்தேன்.

அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்றது. குளிர்வியர்வை, குமட்டல், கால் பஞ்சாகிவிட்டது. "பசிதான் மச்சான், இனிப்பா ஒரு பிளேன்டீ குடி" என்றான் ஒருவன். குடித்தேன், அப்படியே வாந்தி.

நர்ஸாக இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். "டீயை விடு, முதல்ல எல்லாரும் வெளிய போங்க. கரியையும் வெளிய போடு" என்று கத்தினாள். நிக்கொட்டினும் குமட்டும்தான். ஆனால் அவள் பயந்தது எரியும் கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு. அதைத் தண்ணீர் வடிகட்டாது. ரத்தத்தில் ஒக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தோட்டத்து லயத்துக் காம்பிராவுக்குள், அந்த வரிசை வீட்டு அறைக்குள், கரிச்சட்டி வைத்துத் தூங்காதே என்று பாட்டி சொன்னதும் இதைத்தானே!

வெளியே பனியில் நின்றும் தலைவலி விடவில்லை. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்தோம். விரலில் மாட்டிய கருவி ஒக்சிஜன் அளவு 98 சதவீதம் என்று காட்டியது. அதை நம்ப முடியாது, அந்தக் கருவிக்கு ஒக்சிஜனுக்கும் காபன் மொனொக்சைட்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்றார் டொக்டர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒக்சிஜன் முகமூடி போட்டார்கள். வெறும் காற்றில் ரத்தத்திலுள்ள காபன் மொனொக்சைட் பாதியாக இறங்கவே நான்கைந்து மணி நேரம் ஆகுமாம். ஒக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி.

விடியும்போது தலை தெளிந்தது. மாப்பிள்ளை மட்டும் தாலி கட்டும்போது கொட்டாவி விட்டான்.