வகுப்புத் தோழர்களை வைத்து 5 நிமிடக் குறும்படம்: முதல்முறை இயக்குபவருக்கான செய்முறை

முதல் குறும்படம் எடுக்கக் கிளம்பும் வகுப்புக் குழு எதைப் பற்றிக் கவலைப்படும்? பெரும்பாலும் கேமரா. ஆனால் படம் கெடுவது வேறு இடத்தில். மதியம் 3 மணி, வெளிச்சம் இறங்கத் தொடங்கிவிட்டது, "அடுத்து என்ன ஷாட்?" என்று எட்டுப் பேர் இயக்குநரின் முகத்தைப் பார்க்கிறார்கள், அவரோ அப்போதுதான் யோசிக்க ஆரம்பிக்கிறார். அந்த இடத்தில்தான் கெடுகிறது. எனவே கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல், கேமராவை வெளியே எடுப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை.

படி 1: கதையை இரண்டு பேருக்கும் ஓர் அறைக்கும் சுருக்குங்கள்

5 நிமிடப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று பாத்திரங்கள், அதிகபட்சம் இரண்டு லொகேஷன் போதும். துரத்தல், மழை, இரவுச் சாலை, கூட்டம் எதுவும் இப்போது வேண்டாம். இந்த விளக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மீனா தன் நோட்டைத் திருப்பிக் கேட்க வருகிறாள். கவின் அதைத் தொலைத்துவிட்டான், சொல்லத் தைரியமில்லை. இடம், காலியான வகுப்பறை.

திரைக்கதையில் கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் மட்டும் எழுதுங்கள். "கவினுக்குக் குற்ற உணர்ச்சி" என்று எழுதினால் யாராலும் படம்பிடிக்க முடியாது. "கவின் ஏற்கெனவே தேடிய பையையே மறுபடி திறந்து தேடுகிறான்" என்று எழுதினால் பிடிக்கலாம்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு, 12 பாயின்ட் தட்டச்சு எழுத்தில் வழக்கமான திரைக்கதை வடிவில் எழுதுவதற்கு வந்தது. நோட்டுப் புத்தகத்தில் எழுதியதற்குப் பொருந்தாது. வசனத்தை வாய்விட்டுப் படித்து, அசைவுகளையும் நடித்துப் பார்த்து, ஸ்டாப்வாட்சில் அளந்துவிடுங்கள்.

படி 2: யாருக்கு என்ன வேலை

நடிகர்கள் போக ஐந்து பேர் போதும்: இயக்குநர், உதவி இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், கண்டினியூட்டி (உடை, பொருள், அசைவு ஷாட்டுக்கு ஷாட் மாறாமல் இருப்பது) பார்ப்பவர். எடிட்டர் இவர்களில் ஒருவராக இருக்கலாம். முதல் படத்தில் இயக்குநர் நடிக்க வேண்டாம். தன் நடிப்பைத் தானே பார்க்க முடியாது, டேக் (ஒரு ஷாட்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு டேக்) ஓகேயா இல்லையா என்பதை வேறு யாரோ முடிவுசெய்ய வேண்டிவரும்.

உதவி இயக்குநரைத்தான் பலரும் தவறாகத் தேர்வுசெய்கிறார்கள். யாரும் எடுக்காத பொறுப்பு என்று ஒருவர் தலையில் கட்டுவார்கள். உண்மையில் செட்டில் கடிகாரம் அவர் கையில்தான். "இந்த ஷாட்டுக்கு இன்னும் 10 நிமிடம்தான்" என்று நண்பனிடமே தயங்காமல் சொல்லும் ஆளை அந்த இடத்தில் போடுங்கள்.

ஒரு விதியை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்: நடிப்பைப் பற்றி நடிகரிடம் இயக்குநர் மட்டுமே பேசுவார். வகுப்புத் தோழர்கள் என்பதால் ஆளாளுக்கு யோசனை சொல்ல வருவார்கள். நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னால் நடிகர் குழம்பி விறைத்துப்போவார். யோசனை இருந்தால் இயக்குநர் காதில் போடட்டும்.

படி 3: ஷாட் பட்டியல்

இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். நம் காட்சிக்குப் பட்டியல் இப்படி வரும்:

1. மாஸ்டர்: இருவரும் தெரியும் வைட் (தள்ளி நின்று இடம் முழுதும் தெரிய எடுப்பது). காட்சி தொடக்கம் முதல் முடிவு வரை.
2. கவினின் தோள் வழியாக மீனா (சஜஷன் ஷாட்).
3. மீனா க்ளோஸ் (முகம் மட்டும், நெருக்கமாக).
4. மீனாவின் தோள் வழியாகக் கவின்.
5. கவின் க்ளோஸ்.
6. இன்சர்ட் (காட்சியில் உள்ள ஒரு சிறு விவரம், நெருக்கமாக): பைக்குள் துழாவும் கை.
7. கட்அவே (நடிகர்களை விட்டுச் சுற்றியுள்ளதைக் காட்டுவது): காலி பெஞ்ச், சுவர்க் கடிகாரம்.

ஏழாவதைத் தேவையில்லாதது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு டேக்குகள் ஒட்டாமல் எடிட்டிங்கில் துள்ளும்போது, நடுவில் வைத்து மறைக்க அந்தக் கடிகாரம்தான் உதவும்.

எடுக்கும் வரிசை கதை வரிசையாக இருக்கக் கூடாது. முதலில் மாஸ்டர், பிறகு மீனா பக்கம் பார்க்கும் 2, 3, அதன்பின் கேமராவையும் லைட்டையும் ஒரே ஒரு முறை திருப்பி 4, 5, கடைசியில் 6, 7. வசன வரிசைப்படி மாறிமாறி எடுத்தால் ஒவ்வொரு முறையும் லைட்டைத் திருப்ப வேண்டும், அரை நாள் அதிலேயே போய்விடும். எந்தப் பக்கத்தை முதலில் எடுப்பது? அழவோ உடையவோ வேண்டியவரின் பக்கத்தை. களைத்த பிறகு அவரிடமிருந்து அது வராது.

இனி இமேஜினரி லைன். கவினுக்கும் மீனாவுக்கும் நடுவே தரையில் ஒரு நேர்கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை என்றால் சாக்பீஸால் வரைந்தே விடுங்கள், ஃப்ரேமில் (கேமராவில் பதிவாகும் பரப்பில்) தெரியாத வரை பரவாயில்லை. எல்லா ஷாட்டுக்கும் கேமரா கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது கவினுக்கு ரைட் லுக் (திரையில் வலப்பக்கம் பார்ப்பது), மீனாவுக்கு லெஃப்ட் லுக் (இடப்பக்கம் பார்ப்பது), ஒருவரையொருவர் பார்ப்பதுபோல் இருக்கும். ஒரு க்ளோஸை மட்டும் கோடு தாண்டி எடுத்தால் இருவரும் ஒரே திசையைப் பார்த்து, மூன்றாவது ஆளிடம் பேசுவதுபோல் ஆகிவிடும். செட்டில் இது யார் கண்ணிலும் படாது. எடிட்டிங்கில் உட்காரும்போதுதான் தெரியும், அப்போது திருத்த வழியில்லை.

நேரக் கணக்கு: கேமராவை ஒரு புதிய இடத்தில் வைத்து எடுத்து முடிக்கப் புதியவர்களுக்குச் சராசரியாக 30 நிமிடம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 இடம் என்றால் 7 மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒன்று, காலையில் எல்லாரும் வந்து சேர்ந்து தயாராக ஒன்று, மொத்தம் 9. ஒரு நாளைக்கு அதற்கு மேல் போடாதீர்கள். பட்டியலில் "இது இல்லாவிட்டாலும் கதை புரியும்" என்று தோன்றும் ஷாட்டுகளுக்குப் பக்கத்தில் முன்கூட்டியே ஒரு புள்ளி வையுங்கள். நேரம் போதாதபோது எதை வெட்டுவது என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

படி 4: லொகேஷன் பார்த்தல்

படம் எடுக்கப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். காலை 10 மணிக்கு அழகாக இருந்த ஜன்னல் பக்கம் மதியம் இருட்டாக இருக்கலாம். கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்கவும் வேண்டும்: மின்விசிறி, ஜெனரேட்டர், இடைவேளை மணி, பக்கத்து மைதானம். பிளக் பாயின்ட் எங்கே என்று பாருங்கள். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சரி சொன்னவர் அன்று விடுப்பில் இருந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

படி 5: ஒத்திகை

குறைந்தது இரண்டு முறை, முடிந்தால் அதே அறையில். நடிகரிடம் "சோகமா இரு", "இன்னும் ஃபீல் பண்ணு" என்று சொல்வதில் பயனில்லை. உடனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார்கள். பாத்திரம் என்ன செய்யப் பார்க்கிறது என்று சொல்லுங்கள். "கவின், மணி அடிக்கிற வரைக்கும் எப்படியாவது அவளைப் பேச்சில் இழுத்து நேரத்தை ஓட்டு." "மீனா, உனக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவன் வாயாலேயே வரவைக்கணும்." இப்படிச் சொன்னால் சோகமும் கோபமும் தானாக வரும்.

வசனம் வாயில் சிக்கினால் மாற்றிவிடுங்கள். எழுதும்போது நன்றாக இருந்த வாக்கியம் பேசும்போது செய்தி வாசிப்பதுபோல் ஒலிப்பது சகஜம்.

படி 6: கேமராவில் எல்லாவற்றையும் பூட்டுங்கள்

போனிலேயே எடுக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் போனே தானாக மாற்றிக்கொள்ளும் ஆட்டோ மோடில் விட்டால் நடிகர் ஜன்னல் பக்கம் நகரும்போது முகம் கறுத்து, தோலின் நிறம் மாறி, ஃபோகஸ் அலையும். எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ற சரிசெய்தல்) மூன்றையும் மாறாதபடி பூட்டுங்கள். ஒயிட் பேலன்ஸ் பகல் வெளிச்சத்துக்கு 5600 கெல்வின், மஞ்சள் குண்டு பல்புக்கு 3200 சுற்றி.

வினாடிக்கு 24 அல்லது 25 ஃப்ரேம் (தனித்தனிப் படங்கள்), ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரம்) ஏறத்தாழ 1/50 வினாடி. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120 வைத்தால் டியூப்லைட் துடிக்காது. சோதனையாக ஒரு நிமிடம் எடுத்துப் பெரிய திரையில் பாருங்கள்.

லைட் இல்லையென்றால் ஜன்னலே லைட். நடிகரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, நிழல் விழும் பக்கம் ஃப்ரேமுக்கு வெளியே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. சட்டையில் நெருக்கமான கோடு, சின்னக் கட்டம் வேண்டாம், திரையில் நெளியும்.

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். 4K என்றால் ஒரு நிமிடத்துக்கு 400 எம்பி வரை பிடிக்கலாம். 5 நிமிடப் படத்துக்கு 40 நிமிடம் எடுத்தால் 16 ஜிபி, அதற்கு மேல் இடம் காலியாக இருக்கட்டும்.

படி 7: ஒலி

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் மூடிவிடுவார். கேமரா மூன்று மீட்டர் தள்ளி இருக்கும்போது அதன் மைக்கில் பதிவாவது பெரும்பாலும் அறையின் எதிரொலிதான். தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும், அறை இரைச்சல் அப்படியே இருக்கும். எனவே மைக்கை ஃப்ரேமில் தெரியாத அளவுக்கு வாய்க்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவாருங்கள். அரை மீட்டர் நல்லது. மைக் இல்லையா? இன்னொரு போனில் ஒலிப்பதிவு ஆப்பை ஓடவிட்டு, ஃப்ரேமுக்குச் சற்று மேலே ஒரு குச்சியில் கட்டிப் பிடியுங்கள்.

அளவு காட்டும் ஆப்பாக இருந்தால் குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே இருக்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும், கிழிந்ததைத் தைக்க முடியாது. மின்விசிறியை டேக்கின்போது அணையுங்கள். ஃப்ரிட்ஜ் இருக்கும் இடமென்றால் அதையும் அணைத்து, உங்கள் வண்டிச் சாவியை உள்ளே வைத்துவிடுங்கள். மறுபடி போடாமல் வீட்டுக்குப் போக முடியாது.

இடத்தைக் காலிசெய்யும் முன் எல்லாரையும் அசையாமல் நிற்கவைத்து 30 வினாடி அறையின் அமைதியை மட்டும் பதிவுசெய்யுங்கள். வசனத்துக்கு நடுவே வெட்டிய இடங்களில் திடீரென ஒலி செத்துப்போகாமல் இருக்க அதைத்தான் கீழே ஓடவிட வேண்டும்.

படி 8: டேக்

வரிசை எப்போதும் ஒன்றே. உதவி இயக்குநர் "சைலன்ஸ்". ஒலிப்பதிவாளர் ஓடவிட்டு "சவுண்ட் ரோலிங்". ஒளிப்பதிவாளர் "கேமரா ரோலிங்". ஒருவர் ஃப்ரேமுக்குள் நின்று "சீன் 2, ஷாட் 3, டேக் 1" என்று சொல்லிக் கைதட்டுவார். தனியாகப் பதிவாகும் ஒலியைப் படத்தோடு பொருத்த அந்தத் தட்டல்தான் அடையாளம், கை ஃப்ரேமில் தெரிய வேண்டும். மூன்று வினாடி விட்டு "ஆக்‌ஷன்". வசனம் முடிந்ததும் மனதுக்குள் ஐந்து எண்ணிய பிறகுதான் "கட்". நடிகரின் முகத்தில் நல்ல விஷயங்கள் பல நேரம் அந்த ஐந்து வினாடியில்தான் நடக்கும்.

"கட்" சொன்னதும் இயக்குநர் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஓகே, இன்னொன்று, அல்லது சேஃப்டிக்கு (நன்றாக வந்திருந்தாலும் பாதுகாப்புக்காக) ஒன்று. மௌனம் கூடாது. நடிகர் தன்னால்தான் கெட்டது என்று நினைத்துக்கொள்வார். இன்னொன்று என்றால் ஒரே ஒரு திருத்தம், அருகில் போய், தாழ்ந்த குரலில். மூன்று திருத்தம் ஒன்றாகச் சொன்னால் எதுவும் நடக்காது. ஆறு டேக்குக்கும் வரவில்லையென்றால் பெரும்பாலும் குறை நடிகரிடம் இல்லை. வசனத்தையோ நிற்கும் இடத்தையோ மாற்றுங்கள்.

கண்டினியூட்டி பார்ப்பவர் ஒவ்வொரு ஷாட் முடிவிலும் ஒரு போட்டோ எடுப்பார்: சட்டைக் கை மடித்ததா, பை எந்தத் தோளில், பாட்டிலில் தண்ணீர் எவ்வளவு. எந்த வார்த்தையில் மீனா திரும்பினாள் என்பதையும் குறிப்பார்.

படி 9: படப்பிடிப்பு முடிந்து பேக்கப் (pack-up) ஆன பிறகு

அன்றைய வீடியோவை அன்றே இரண்டு தனித்தனி இடங்களில் காப்பி செய்து, சில ஃபைல்களைத் திறந்து ஓட்டிப் பார்த்த பின்தான் போனில் அழிக்க வேண்டும்.

எடிட்டிங்கில் ஒரு வினோதம் வரலாம். தொடக்கத்தில் பொருந்திய ஒலி போகப்போக உதட்டிலிருந்து விலகும். பல போன்கள் ஃப்ரேம் வேகத்தை நிலையாக வைக்காமல் ஏற்றியிறக்கிப் பதிவதே காரணம். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள்.

ஷாட்டுகளை முதல்முறை வரிசையாகக் கோத்துப் பார்த்தால் 5 நிமிடக் கதைக்கு 7 நிமிடம்கூட வரும். பயப்பட வேண்டாம். கதவைத் திறந்து நடந்து வந்து உட்காருவதை முதலில் வெட்டுங்கள். பிறகு, பேசுபவரையே காட்டிக்கொண்டிருக்கும் இடங்களைப் பாருங்கள். மீனா "நோட்டு எங்கே?" என்று கேட்கும்போது திரையில் இருக்க வேண்டியது கவினின் முகம்.

பாட்டு, பின்னணி இசை எதையும் சினிமாவிலிருந்து எடுத்துப் போடாதீர்கள், வீடியோ தளங்கள் தானாகவே கண்டுபிடித்து முடக்கலாம். வகுப்பில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார், அவரைக் கேளுங்கள். முடிந்த படத்தை ஒருமுறை இயர்போனிலும் ஒருமுறை போன் ஸ்பீக்கரிலும், கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். அவர் "என்ன சொன்னான்?" என்று கேட்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொண்டு, அங்கே குரலை ஏற்றுங்கள் அல்லது அந்த வரியை மட்டும் அமைதியான அறையில் மறுபடி பேசவைத்து ஒட்டுங்கள்.