தோள் பயிற்சிக்கு ஒரு சுருட்டிய துண்டு

டென்னிஸ் ஆடுபவர்களே, ரப்பர் பட்டையை இழுத்துத் தோள் பயிற்சி செய்யும்போது, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு சிறிய துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை 90 டிகிரி மடங்கியிருக்க, முன்கையை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். துண்டு நழுவி விழுந்தால் அந்த முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டென்னிஸில் சர்வீஸ் அடித்ததும், வேகமாக வீசிய கையை இழுத்துப் பிடித்து நிறுத்துபவை தோளின் பின்புறமுள்ள சிறு தசைகள். வலுவூட்ட வேண்டியது அவற்றைத்தான். துண்டு இல்லாவிட்டால் முழங்கை உடலைவிட்டு விலகிக்கொண்டே போகும். மேலேயுள்ள பெரிய டெல்டாய்டு தசை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், சிறு தசைகள் சும்மா இருந்துவிடும். லேசான பட்டையில் 15 முறை வீதம் 3 சுற்று போதும். தடித்த பட்டையை இழுத்து வீரம் காட்டும் இடம் இதுவல்ல.

விழுந்து அடிபட்ட தோளுக்கு இது பொருந்தாது. கையைத் தூக்கவே முடியவில்லை, விரல்கள் மரத்துப்போகின்றன, இரவில் வலி தூங்கவிடவில்லை என்றால் துண்டையும் பட்டையையும் ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியின் நடுவே சுருக்கென்று குத்தினாலும் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.